அருமையாகப் பாடிய சிடி பிளேயர்

1

நான் கனடாவுக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்தைந்து வருடம் முடிகிறது. இங்கே இதற்கெல்லாம் யாரும் மாலை போடுவதில்லை. மகள் யாழினி காலையில் காபிக் கோப்பையோடு எதிரில் வந்து நின்று, "இப்பவாவது உங்களுக்குப் பனி பழகிடுச்சா அப்பா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்றேன். அதோடு வெள்ளி விழா முடிந்தது.

ஊருக்கு எழுதும்போது நாங்கள் யாரும் இப்படி எழுதுவதில்லை. ஏரி, மேப்பிள் இலை, ஒழுங்கான போக்குவரத்து என்று மூன்று பத்தி எழுதி, கடைசியில் அம்மா கை ரசத்துக்கு ஏங்கி முடிப்போம். என் அம்மா ரசம் சுமாராகத்தான் வைப்பார். ஆகவே இந்த முறை நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் கோயமுத்தூர் போயிருந்தேன். தங்கை சுமதியிடம் ஒன்று கேட்கத்தான் போனேன். அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. நானும் மனைவி மலரும் ஊரோடு வந்துவிடலாம் என்று இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாடகை வீட்டிலேயே வாழ்ந்தவர்கள் என்பதால் எங்களுக்கென்று அங்கே ஒரு செங்கல் கூடக் கிடையாது. இருப்பது தங்கை மட்டும்தான். கணபதியில் அவள் கட்டியிருக்கும் வீட்டின் மேல்மாடி காலியாகக் கிடக்கிறது. அங்கே நாங்கள் வந்து இருந்துகொள்ளலாமா? இதுதான் கேள்வி. இதற்குப் பதில் எனக்கு ஒரு சிடி பிளேயர் வழியாகத்தான் கிடைத்தது.

2

சின்ன வயதில் எங்கள் வீட்டில் பாட்டுப் பெட்டி கிடையாது. பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றுதான் சுமதி பாட்டுக் கேட்பாள். அந்த வீட்டு அம்மா ஒருநாள் ஜன்னலைச் சாத்திவிட்டார். நான் விமானம் ஏறும்போது சுமதி, "வெளிநாடு போயி எனக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்கியாங்கண்ணா" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். இருபது வருடத்துக்கு மேல் கழித்து, உலகத்தில் இருக்கிற அத்தனை பாட்டும் அத்தனை பேர் சட்டைப் பையிலும் வந்து சேர்ந்த பிறகு. நம்முடைய பாசத்துக்கு எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் டிக்கெட் கிடைக்கும்.

டொரான்டோ கடையில் சிடி பிளேயர்களை மூன்று தட்டுகளில் வைத்திருந்தார்கள். கீழ்த்தட்டில் பொம்மை மாதிரி மலிவானவை. மேல்தட்டில் இருந்தவற்றின் விலைச்சீட்டைப் படிக்கவே கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. நான் நடுத்தட்டில் இருந்ததை எடுத்தேன். ஸ்பீக்கரும் உள்ளேயே சேர்ந்து, மர நிறத்தில், பார்க்க லட்சணமாக இருந்தது. நாங்கள் எதையும் இப்படித்தான் வாங்குவோம். கீழே இருப்பதை எடுத்தால் கஞ்சன் என்பார்கள், மேலே இருப்பதை எடுத்தால் கொழுப்பு என்பார்கள். நடுவில் இருப்பதை எடுத்தவனைப் பற்றிப் பேச ஊரில் யாருக்கும் ஒன்றும் இருக்காது.

வீட்டுக்கு வந்து இணையத்தில் பார்த்தால், அந்தப் பெட்டிக்கென்றே ஒரு குழு இருந்தது. 'உரிமையாளர் அனுபவங்கள்' என்று தலைப்பு. ஸ்காட்லாந்தில் ஓய்வு பெற்ற பல் டாக்டர் ஒருவர் அதற்குத் தலைவர் போல. பெட்டிக்கு அடியில் கருங்கல் பலகை வைத்தால் வயலின் ஒலி அரை அடி பின்னால் நகர்கிறது என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். அதற்கு எழுபது பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் கருங்கல்லை ஆட்டுக்கல்லாகப் பயன்படுத்திய பாவத்தை நினைத்துக்கொண்டே நானும் உறுப்பினராகச் சேர்ந்தேன்.

கோயமுத்தூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். நான் ரசீது, கடவுச்சீட்டு, வெளிநாட்டு இந்தியர் அட்டை எல்லாவற்றையும் சீட்டுக்கட்டு மாதிரி கையில் விரித்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க சார் இது?"

"சிடி பிளேயருங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இன்னும் இதெல்லாம் விக்கறாங்களாங்க?" என்று கேட்டுவிட்டு, வரி ஒன்றும் போடாமல் மூடிக் கொடுத்தார். சட்டத்தில் இரக்கத்துக்கு இடமில்லை என்கிறார்கள். எனக்கு அன்று அது தாராளமாகக் கிடைத்தது, அவமானமாகவும் இருந்தது.

3

மூன்று வருடத்துக்கு முன்னால் போன அந்தப் பயணம், சுமதியின் புதுவீட்டுக் குடிபுகுதலுக்கு. அண்ணன் சும்மா கையை வீசிக்கொண்டு போக முடியுமா? பிறந்த வீட்டுச் சீர் போக வேண்டும். ஒன்பது தாம்பாளம். பழம், தேங்காய், புடவை, வேட்டி, குத்துவிளக்கு, வெல்லம், மஞ்சள். ஒன்பதாவது தாம்பாளத்தில் சிடி பிளேயர். அதன் தலையில் ஒரு முழம் மல்லிகை. நாதஸ்வரக்காரர் முன்னால் போக, நாங்கள் தெருவில் ஊர்வலமாகப் போனோம்.

சுமதியின் கணவர் செல்வராஜ், கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவருடைய உறவினர்கள் வெள்ளகோவிலிலிருந்து இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்கள். புகுந்த வீட்டுக்காரர்கள் சீர்த்தட்டைப் பார்க்கும் பார்வை தனி. சாயம் போகுமா என்று துணியைப் பார்ப்பது மாதிரி இருக்கும். சுமதி அந்த ஒன்பதாவது தட்டை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். வெள்ளகோவில் முழுவதையும் ஜெயித்த முகம்.

உடனே போட்டுக் காட்டலாம் என்றேன். மாப்பிள்ளையின் பெரியப்பா விடவில்லை. "இப்ப நேரஞ் செரியில்லீங் தம்பி. நாளைக்குக் காத்தால நல்ல நேரத்துல போட்டுக்கலாமுங்க" என்றார். எனக்கு அன்று மாலையே விமானம். ஒரு நாதஸ்வர சிடியை உள்ளே வைத்து, கனடாப் பின் நம் ஊர்ச் சுவர் ஓட்டையில் நுழைவதற்கு ஒரு பின் மாற்றியையும் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் பார்க்கும் வேலை மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. மற்றவர்கள் செய்ததில் எது எங்கே உடையும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

4

ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் பேசுவோம். முதல் ஞாயிறு கேட்டேன், "பெட்டி எப்படிப் பாடுது அம்மணி?"

"அருமையாப் பாடுதுங்கண்ணா!"

"திக்குதா?"

"சேச்சே, எதுக்குங்க திக்குது?"

கொஞ்சம் போடச் சொன்னேன். போனை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவர் என்னிடம் பட்டறை, மழை, மோட்டார் ஆர்டர் என்று பேசிக்கொண்டேயிருந்தார். கொஞ்ச நேரத்தில் நாதஸ்வரம் கேட்டது. சுமதி போனைத் திருப்பிக் காட்டினாள். ஷோகேஸில் என் பெட்டி, மல்லிகையோடு.

"அந்தக் கனத்தைப் பாத்தியா? போன்ல வருமா இந்தச் சத்தம்?" என்று மலரிடம் சொன்னேன்.

"நாமளும் போன்லதானேங்க கேக்கறோம்" என்றாள் மலர்.

ரசனை இல்லாதவர்களோடு வாழ்வது கஷ்டம்.

அன்றே குழுவில் எழுதினேன். கோயமுத்தூர் வெயில், லேத் பட்டறை இரும்புத் தூள், அடிக்கடி போய்வரும் மின்சாரம், இத்தனைக்கும் நடுவில் இந்தப் பெட்டி சிங்கம் மாதிரி நிற்கிறது என்று. ஸ்காட்லாந்து டாக்டர் நெகிழ்ந்துபோனார். வாரா வாரம் சுமதி சொல்வதை நான் ஆங்கிலமாக்கிக் கொடுத்தேன். அவள் "நல்லா இருக்குதுங்கண்ணா" என்றால், 'நடு ஸ்தாயி முதிர்ந்துவருகிறது' என்று எழுதுவேன். அவள் "நேத்துக் கூடக் கேட்டமுங்க" என்றால், 'தொடர் பயன்பாட்டில் சூடேறவில்லை' என்று எழுதுவேன். ஆயுத பூஜைக்குப் பட்டறைச் சாமான்களோடு அதையும் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுப் படம் அனுப்பினாள். அந்தப் படத்துக்குத்தான் குழுவில் அதிகப் பாராட்டு.

கொஞ்ச நாளில் நான் வெப்ப நாடுகளுக்கான ஆலோசகர் ஆகிவிட்டேன். மலேசியாவிலிருந்து கேட்டார்கள், பிரேசிலிலிருந்து கேட்டார்கள். நைரோபியில் ஒருவர் என் சொல்லை நம்பியே பெட்டி வாங்கினார். கனடாவில் என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டில் தொலைக்காட்சி ரிமோட்டைக் கூட யாழினி என் கையிலிருந்து பிடுங்கி, தானே அழுத்துவாள். ஆகவே இந்தப் பதவி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

5

போன மாதம் போய் இறங்கிய அன்றே சுமதியிடம் கேட்டுவிட்டேன். "மேல் மாடிக்கு நாங்க வந்துடலாம்னு இருக்கறோம் கண்ணு."

"அதுக்கென்னங்கண்ணா! அருமையா வாங்க" என்றாள் உடனே.

மாப்பிள்ளையும், "நம்மூடு இருக்கறப்ப வேற எங்கீங் மச்சான் போவீங்க?" என்றார். மலரைப் போனில் கூப்பிட்டு, டொரான்டோ வீட்டை விற்க ஆள் பார்க்கச் சொன்னேன். அவ்வளவு வேகம்.

இரண்டு நாள் கழித்து, சுமதி ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். சரி, நம் பெட்டியில் ஒரு பாட்டுக் கேட்போம் என்று ஷோகேஸ் பக்கம் போனேன். பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. மின்சாரம் இருந்தது, ஃபேன் ஓடியது. பெட்டியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. அந்தக் கருகல் மேல்தான் சந்தனத்தை அப்பியிருந்தார்கள். பெட்டிக்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஆப்பிள் அளவுக்கு ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது. நான் வருடக்கணக்கில் கனம் கனம் என்று கொண்டாடியது அதைத்தான்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு வந்தார். என் கையில் பெட்டியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வோல்டேஜ் கம்மியா இருக்குமுங் மச்சான். சாயங்காலம் பாடுமுங்க" என்றார்.

மனிதர் கடைசி வரை போராடினார். நான் கருகலைக் காட்டினேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சுமதி வரட்டுமுங்க" என்றார்.

சுமதி வந்தாள். பட்டுப்புடவையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவள் சொன்னது இது: குடிபுகுந்த மறுநாள் காலை, நல்ல நேரத்தில், வெள்ளகோவில் உறவினர்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள். டப் என்று ஒரு சத்தம். பிறகு புகை.

கனடாச் சுவரில் வருவது நூற்றிருபது வோல்ட். கோயமுத்தூரில் அதைப் போல இரண்டு மடங்கு. நான் கொடுத்தது வெறும் பின் மாற்றி. இது எட்டாம் வகுப்புப் பாடம். பிழை கண்டுபிடிப்பவருக்கு மட்டும் தோன்றவில்லை.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன கண்ணு?"

"பொறந்த ஊட்டுச் சீரு பொகஞ்சு போச்சுன்னு எந்த வாயிலீங்கண்ணா சொல்றது? அவங்க சனமெல்லாம் பாத்துட்டு நிக்கறாங்க. 'வெளிநாட்டுச் சாமான் மொதல்ல அப்படித்தானுங்க பொகையும், அப்பறம் பாடுமுங்க'ன்னு சொல்லிப்போட்டேன். சொன்னதுக்கோசரம் அடுத்த நாளே இவரு போயி அந்தக் குட்டி ஸ்பீக்கரை வாங்கியாந்தாரு. அவங்க கிட்டச் சொன்னதையே உங்க கிட்டயும் சொல்லிப்போட்டமுங்க. அப்பறம் நிறுத்தவே முடியலீங்க."

சிரிக்கத்தான் செய்தேன். அவர்களும் சிரித்தார்கள். யாழினியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னால், அவள் கொஞ்சமும் அதிரவில்லை. "தெரியுமே அப்பா. போன வருஷம் அத்தை கிட்ட நான் கேட்டேன், சொன்னாங்க."

"நீ ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க."

இவளுக்குத் தமிழ் சரியாக வரவில்லையே என்று நான் கவலைப்படாத நாளில்லை. ஊர்க்குணம் பிசகாமல் வந்திருக்கிறது.

குழுவிலும் உண்மையை எழுதினேன். பெட்டி முதல் நாளே எரிந்துவிட்டது, நான் எழுதியதெல்லாம் வேறொரு ஸ்பீக்கரைப் பற்றியது, மன்னிக்கவும் என்று. நைரோபிக்காரர், தன் பெட்டி நன்றாகத்தான் பாடுகிறது, வருத்தப்பட வேண்டாம் என்று பெருந்தன்மையாக எழுதினார். ஸ்காட்லாந்து டாக்டர் நம்பவேயில்லை. 'எரிந்துபோனதாகச் சொல்வது உங்கள் தங்கைதானே? அவர் காதைப் பரிசோதித்தீர்களா?' என்று கேட்டிருந்தார்.

6

சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகுதான் உறைத்தது. பெட்டி அருமையாகப் பாடுகிறது என்று சொன்ன அதே வாய், அதே குரலில், அருமையாக வாங்க என்றும் சொல்லியிருக்கிறது.

எங்கள் ஊர் மரியாதையை நீங்கள் எல்லாரும் புகழ்ந்திருக்கிறீர்கள். பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுகிறோம், யாரையும் நோகடிக்க மாட்டோம், 'இல்லை' என்ற சொல்லையே வாயில் வைக்க மாட்டோம். எல்லாம் சரி. ஆனால் அந்த மரியாதைக்குள் மாட்டிக்கொண்டவனுக்கு எது உண்மை என்று கண்டுபிடிக்க ஒரு வழியும் கிடையாது. டொரான்டோவில் என் மேலாளர் முகத்தைப் பார்த்தே, நான் எழுதியது குப்பை என்று சொல்லிவிடுவார். அவரைத் திட்டாத நாளில்லை. அன்று அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. டொரான்டோ வீட்டை விற்றுவிட்டு, இவர்கள் மேல்மாடியில் வந்து உட்கார்ந்து, தினமும் ஒரு குட்டி ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதானா? பயமாக இருந்தது. வீட்டை விற்க ஆள் பார்க்க வேண்டாம், பொறு என்று மலருக்குச் சொன்னேன்.

அடுத்த நாள் காலை, சுமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மணி, மேல் மாடிக்கு வாங்கன்னு சொன்னியே, அது நெசமா?"

"என்னுங்கண்ணா இப்படிக் கேக்கறீங்க. வாங்கன்னு சொல்லீட்டமில்லீங்க."

"பெட்டி பாடுதுன்னுங்கூடத்தான் சொன்ன. நெசத்தைச் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவள் கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகிய இலை ஒன்றைக் கிள்ளி எறிந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே, "வேண்டாமுங்கண்ணா" என்றாள்.

கேட்டது நான்தான். கேட்டது கிடைத்துவிட்டது. அறுபதை நெருங்குகிற ஆள், கீரைக் கட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் நிறுத்தவில்லை. ஒரு முறை திறந்த குழாயை அவளாலும் மூட முடியவில்லை போல.

"நீங்க வந்தா நாங்க எங்கூட்டுலயே ஒறம்பரையாட்டம் இருக்கறமுங்கண்ணா. மெதுவாப் பேசறோம். இவரு பனியனோட ஊட்டுக்குள்ள நடக்கறதில்ல. வேணுங்கறதைத் திங்கறதில்ல, சண்டை போடறதில்ல. பத்து நாளைக்குன்னா அது சந்தோசமுங்க. வருசம் பூராவும் எங்களால மரியாதையா இருக்க முடியாதுங்க."

எங்கள் பக்கத்தில் ஒறம்பரை என்றால் வீட்டுக்கு வந்த விருந்தாளி. இருபத்தைந்து வருடமாக அந்த விருந்தாளி நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி கண்ணு. புரியுது" என்று எழுந்தேன்.

"ஒக்காருங்க. இன்னும் முடியல" என்றாள். அவள் என்னை அதட்டி நான் கேட்டதே இல்லை. உட்கார்ந்தேன்.

"அடுத்த தெருவுல ஒரு ஊடு பாருங்க. உங்க பேர்ல, அண்ணியோட நீங்க தனியா இருக்கற ஊடு. அம்மா அப்பா போனதுக்கப்பறம் எனக்குப் பொறந்த ஊடுன்னு ஒண்ணு இருக்குதுங்களா? வாயாலதானுங்க சொல்லிக்கறோம். இவரோட சண்டை போட்டா நான் எங்கீங்க போவேன்? மொட்டை மாடிக்குப் போயி நின்னுட்டு, குளிருதுன்னு எறங்கி வந்துருவேன். மாடியில இருக்கறவங்க ஊட்டுக்கா கோவிச்சுட்டுப் போவாங்க? வருசா வருசம் தட்டுல வெச்சுச் சீரு கொண்டாறீங்க. ஒரு நாளாச்சும் கதவைத் தொறந்து வெச்சிருக்கீங்களா?"

கனடாவுக்கு எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேனே என்று ஒரு கணம் வாய் வரைக்கும் வந்தது. சண்டை போட்ட கையோடு துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு விசாவுக்கு வரிசையில் நிற்கிற பெண்ணை நினைத்துப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

அன்று மாலையே மூன்று பேரும் வீடு பார்க்கப் போனோம். மாப்பிள்ளை பனியனுக்கு மேல் சட்டை கூடப் போடாமல் துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். முதல் வீட்டுக்குத் தண்ணீர் வராது என்றார். இரண்டாவது வீட்டுப் படி செங்குத்தாக இருந்தது, "அண்ணியோட முட்டிக்கு ஆகாது" என்று சுமதி வாசலிலேயே சொல்லிவிட்டாள். மூன்றாவது வீட்டுக்காரர் சமையலறையை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். குழாயைத் திறந்து காட்டினார், அலமாரியைத் திறந்து காட்டினார். சுமதியைக் காணவில்லை. உள்ளே தேடிப் போனேன். தெருவைப் பார்த்த சின்ன அறையில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இந்த ரூம் எனக்குங்கண்ணா" என்றாள். "இதுல அரிசி மூட்டை கிரிசி மூட்டைன்னு எதையும் போட்டு வெக்காதீங்க."